அப்கிரேடு பண்ணியாச்சு... இப்ப என்ன பண்றது?

ராத்திரி பத்து மணி. 'அப்கிரேடு பண்ணட்டுமா?' என்று ஸ்கிரீனில் ஒரு பட்டன் கெஞ்சுகிறது. சும்மா இருந்த கை போய் அதை அமுக்கிவிடுகிறது. 12 சதவீதம்... 37 சதவீதம்... 68 சதவீதம்... காலையில் பார்த்தால் லேப்டாப் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்ட மாதிரி பளபளன்னு இருக்கு. ஆனால் வைஃபை இல்லை. சவுண்டு இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. நாளை மறுநாள் வைவா!

'ஐயோ, இது நம்ம கதையாச்சே' என்று தலையில் கை வைப்பவர்கள், வைத்த கையை எடுத்துவிட்டு மேலே படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட சிக்கல்களை கடைக்குப் போகாமலே சரிபண்ணலாம். 'இன்னும் அமுக்கலை பாஸ், யோசிச்சுட்டு இருக்கேன்' என்பவர்களா? நீங்கள் கட்டாயம் படிக்கணும்!

வீட்டுக்கு ஒரே ஒரு லேப்டாப்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இது கொஞ்சம் சீரியஸான மேட்டர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர்கள், சிமென்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள். இங்கே நிறைய வீடுகளுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரே அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. சில வருஷம் நின்றுபோயிருந்த திட்டம், கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் 20 லட்சம் என்ற 2025 மார்ச் பட்ஜெட் அறிவிப்போடு மறுபடி உயிர் பெற்றது.

புதுசு கைக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பழசை வைத்திருப்பவர்கள் கதை வேறு. அக்கா பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பில்தான் இப்போது தம்பி டிகிரி படிக்கிறான். அது படுத்துவிட்டால் ஆன்லைன் அப்ளிகேஷன், அசைன்மென்ட், ப்ராஜெக்ட், டி.என்.பி.எஸ்.சி. நோட்ஸ் எல்லாமே படுத்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி திருச்சிக்கு பஸ் ஏறினால் அன்றைய நாள் போச்சு. மாவட்டத் தலைநகராக இருந்தும் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

எதுக்கு இந்த வம்பு?

'நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?' நியாயமான கேள்வி. அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவது அப்டேட். ஓட்டையெல்லாம் பிரித்து தளம் போடுவது அப்கிரேடு. சுவர் தாங்குமா, ஃபேன் மாட்டும் கொக்கி எங்கே போகும் என்ற கேள்வியெல்லாம் இரண்டாவதில்தான் வரும்.

ஒவ்வொரு விண்டோஸுக்கும் ஓர் ஆயுள் உண்டு. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. 2015 ஜூலை 29-ல் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்தத் தேதிக்கு அப்புறம் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும். ஆனால், புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் மற்ற சாஃப்ட்வேர்களும் கைகழுவிவிடும். விண்டோஸ் 7-க்கு குரோம் பிரவுசரின் 109-வது பதிப்புதான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110-வது பதிப்பு அதில் ஏறவே இல்லை.

ஆக, மாற்றித்தான் ஆகணும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2016-ல் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. கலிபோர்னியாவின் சாசலிட்டோ என்ற ஊரில் டிராவல் ஏஜென்சி நடத்திய ஒரு பெண், 'நான் கேட்காமலே விண்டோஸ் 10 ஏறி, என் கம்ப்யூட்டர் உபயோகமில்லாமல் போச்சு' என்று மைக்ரோசாஃப்ட் மீது கேஸ் போட்டார். தீர்ப்பு அவர் பக்கம்! அப்பீலைக் கைவிட்ட கம்பெனி, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே 10,000 டாலரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நாம் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. வைவாவுக்குப் போகணும். எனவே நம் வழியைப் பார்ப்போம்.

அரியலூர் ஸ்டைல் ரோல்பேக்!

அப்கிரேடு பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்புவதற்கு 'ரோல்பேக்' என்று பெயர். இதை அரியலூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. 2001 ஜனவரி 1-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்து அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002 மார்ச் 31-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் தனி மாவட்டம். அப்கிரேடு, ரோல்பேக், மறுபடி அப்கிரேடு!

மாவட்டத்துக்கு ஆறு வருஷம் டைம் இருந்தது. உங்கள் லேப்டாப்புக்கு வெறும் 10 நாள்தான். விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போனவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று வரிசையாகப் போனால் 'கோ பேக்' என்று ஒரு பட்டன் இருக்கும். பத்து நாளுக்குள் அதை அமுக்கினால் பழைய விண்டோஸ் திரும்பி வரும். அப்கிரேடுக்கு அப்புறம் ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். உங்கள் ஃபைல்கள் பொதுவாக இருக்கும். இருந்தாலும் ஒரு காப்பி எடுத்துக்கொண்டே அமுக்குங்கள்.

இதில் நம்மாட்கள் சொதப்புகிற இடம் ஒன்று உண்டு. அரியலூர் மண்ணைத் தோண்டினால், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு இங்கே இருந்த கடலின் சிப்பியும் சங்கும் கல்லாக வரும் இல்லையா? அதே மாதிரி உங்கள் சி டிரைவைத் தோண்டினால் 'விண்டோஸ் ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் கிடைக்கும். பழைய விண்டோஸ் மொத்தமும் அதற்குள் புதைந்திருக்கிறது. 'இடத்தை அடைக்குது' என்று டிஸ்க் கிளீனப் போட்டு அதை அழித்தால், திரும்பிப் போகும் பாதையும் அழிந்தது. பத்து நாள் அதைத் தொடாதீர்கள்!

சிக்கல் 1: வைஃபை போச்சே!

ஒவ்வொரு ஹார்டுவேருக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. அவர்தான் 'டிரைவர்'. விண்டோஸ் மாறியதும் பழைய மொழிபெயர்ப்பாளருக்குப் புது பாஷை புரியாமல் போகலாம். வைஃபை, சவுண்டு, டச்பேட், பிரின்டர் வேலைநிறுத்தம் செய்வதன் காரணம் இதுதான்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். மஞ்சள் முக்கோணம் எதன் மேல் நிற்கிறதோ, அதுதான் கோளாறு. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மாடல் பெயர் இருக்கும். தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய் அந்த மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். 'இலவச டிரைவர்' என்று கூவிக் கூவி விற்கும் மற்ற தளங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஒரு டிரைவரோடு நாலு வைரஸ் வரும்.

'வைஃபையே இல்ல, எப்படிங்க இறக்குறது?' சூப்பர் கேள்வி. செல்போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்யுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும். முதலில் விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியைப் பாருங்கள். பல நேரம் தேவையான டிரைவர் அங்கேயே காத்திருக்கும்.

சிக்கல் 2: ஆமை வேகம்

அப்கிரேடு ஆன முதல் ஒன்றிரண்டு நாள் எல்லா லேப்டாப்பும் மந்தமாகத்தான் இருக்கும். பின்னால் அது ஃபைல்களை அட்டவணை போட்டுக்கொண்டும் மிச்ச அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டும் இருக்கும். சார்ஜரைச் சொருகி, நெட்டை விட்டு, ஓரிரவு சும்மா வையுங்கள். அப்படியும் இழுத்தால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாததை எல்லாம் 'டிசேபிள்' செய்யுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதம் காட்டுகிறதா? அப்படியென்றால் குற்றவாளி உங்கள் பழைய ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு சுற்றுகிற அந்தப் பழைய ரகத்துக்கு, இன்றைய விண்டோஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், அதே லேப்டாப் வேறு ஆளாக மாறிவிடும். புது லேப்டாப் வாங்கித் தரச்சொல்லி அப்பாவை நச்சரிப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

இன்னொரு லோக்கல் காரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் வீடு இருப்பவர்களுக்கு லேப்டாப் ஃபேனுக்குள் புழுதி அப்பிக்கொள்ளும். ஃபேன் அடைத்தால் சூடு, சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழி மட்டும் விண்டோஸ் மேல்! கடையில் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

சிக்கல் 3: தமிழ் எங்கேப்பா?

தமிழ் எழுத்துச் சிக்கல் இரண்டு ரகம். குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் ரகம்: ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வருவது. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இப்படி ஆகும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்து ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ, விண்டோஸ் ஓல்டு ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்தோ அந்த எழுத்துருவை எடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும். நிரந்தரத் தீர்வு, எழுத்துரு மாற்றி மூலம் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. நாம் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழணுமா?

இரண்டாவது ரகம்: யூனிகோடில்தான் அடித்தீர்கள், ஆனால் லதா எழுத்துருவைக் காணோம், பக்கம் எல்லாம் முன்னே பின்னே ஓடியிருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த லதாவை, விண்டோஸ் 10-லிருந்து 'தேவைப்பட்டால் போட்டுக்கொள்' என்ற பட்டியலில் தள்ளிவிட்டார்கள். அவருடைய இடத்தில் இப்போது நிர்மலா. (பெண் பெயராகவே வைக்கிறாங்கப்பா!) செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அதில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்பி வருவார்கள். பக்க எண் மாறி கைடு கடுப்பாவதிலிருந்து தப்பிக்கலாம்.

கீபோர்டும் போச்சா? 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. 'லாங்வேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டுகளில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் தனி சாஃப்ட்வேரே வேண்டாம்.

சிக்கல் 4: டர்போ சி திறக்கலை!

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களின் ஆஸ்தான புலம்பல் இது. நீலத் திரை டர்போ சி, டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம். பழைய 32-பிட் விண்டோஸில் தட்டுத்தடுமாறி ஓடும். 64-பிட் விண்டோஸில் சுத்தமாக ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். ஆக இது கோளாறே இல்லை, தலைமுறை இடைவெளி!

லேப் எக்ஸாமுக்கு அதுதான் வேண்டும் என்றால் 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச சாஃப்ட்வேர் போட்டு அதற்குள் டர்போ சியை ஓட்டலாம். வேலைக்குப் போகிற ஐடியா இருந்தால் 'கோட் பிளாக்ஸ்' போட்டு ஜி.சி.சி. கம்பைலரில் பழகுங்கள். டர்போ சியின் கிராஃபிக்ஸ் ஹெடர் மட்டும் அதில் அப்படியே கிடைக்காது. மற்றபடி இன்டர்வியூவில் உங்களைக் கேட்கப்போவது நீலத் திரையை அல்ல.

சிக்கல் 5: ஃபைலையே காணோம்!

உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிற சிக்கல் இதுதான். நடக்காது என்று நினைக்காதீர்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ், போட்டோக்களையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து நவம்பர் 13-ல்தான் மறுபடி வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் வந்த ஓர் அப்டேட்டில் சிலருக்கு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தது. தற்காலிக அக்கவுன்ட் ஒன்றில் விண்டோஸ் அவர்களை உள்ளே விட்டிருந்தது. ஃபைல்கள் வேறு பெயர் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன.

ஆகவே காணோம் என்றதும் புதுசாக எதையும் காப்பி பண்ணாதீர்கள், இன்ஸ்டால் பண்ணாதீர்கள். நிஜமாகவே அழிந்த ஃபைலாக இருந்தால், அது இருந்த இடத்தில் புதிது எழுதப்படாதவரைதான் மீட்க வாய்ப்பு. முதலில் ரீஸ்டார்ட். அப்புறம் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பிறகு விண்டோஸ் ஓல்டுக்குள் இருக்கும் 'யூசர்ஸ்'. கடைசியாக ஒன்டிரைவ். விண்டோஸ் 11 பல நேரம் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய்விடும். இலவசமாக அங்கே கிடைப்பது 5 ஜிபிதான். அது நிரம்பினால் தனிக் குழப்பம்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி 'பிட்லாக்கர்'. திடீரென்று நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். நீங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்திருந்தால், டிஸ்க் பூட்டப்படும்போதே சாவி அந்த அக்கவுன்டில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே அக்கவுன்டைத் திறந்து 'டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். அக்கவுன்டே கடைக்காரர் அவர் மெயிலில் போட்டதா? போச்சு. இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றி, சாவியை நோட்டில் எழுதி வையுங்கள்.

சிக்கல் 6: 'பாஸ்' காணாமல் போனார்

அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்ட மெனு, அப்கிரேடுக்கு அப்புறம் வராமல் போகலாம். பாஸ் அழியவில்லை. விண்டோஸ் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் முதலில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆன் செய்யும்போது பூட் மெனு திறந்து (பல மாடல்களில் எஃப் 12) பாஸைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய மாடல்களில் மெனுவையே மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யணுமா?' என்று அப்பாவியாகக் கேட்கும். 'ஓகே' கொடுத்தால் பாஸ் குளோஸ்! 2024 ஆகஸ்டில் இன்னொரு கலாட்டா. விண்டோஸின் ஒரு பாதுகாப்பு அப்டேட் உலகம் முழுக்க இப்படி இரண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸையே திறக்கவிடாமல் செய்தது. அது முழுசாகத் தீர 2025 மே ஆனது.

பழைய லேப்டாப்புக்கு 11 போடலாமா?

மைக்ரோசாஃப்ட் போட்ட கண்டிஷன்கள்: டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். பிராசஸர் என்றால் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசைக்கு மேல். 2011-ல் திட்டம் தொடங்கிய காலத்து லேப்டாப்களுக்கு வாய்ப்பே இல்லை. உங்களுடையது எப்படி என்று 'பி.சி. ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆப் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

'குறுக்கு வழியில் ஏத்திடலாம்' என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ. ஏறும், உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்று மைக்ரோசாஃப்டே கைவிரித்துவிட்டது. பாதுகாப்புக்காக அப்கிரேடு செய்துவிட்டு, அந்தப் பாதுகாப்பே கிடைக்காவிட்டால் எப்படி?

தகுதி இல்லாத லேப்டாப்புக்கு இரண்டு கௌரவமான வழிகள் உண்டு. ஒன்று, விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்த திட்டம் இது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் செட்டிங்ஸை பேக்கப் செய்து இலவசமாகவே சேரலாம். இது தற்காலிக மூச்சு. நிரந்தரமானது இரண்டாவது வழி: லினக்ஸ். பாஸ், லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான், சி, ஜாவா எல்லாம் ஓடும், தமிழும் வரும். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிவிடுங்கள். விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழாது.

'ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி!'

எதுவுமே சரிவரவில்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைக்குப் போகிறீர்கள். கடை அண்ணன் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு இந்த வசனத்தைச் சொன்னால், தலையாட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

'அண்ணே, என் ஃபைலெல்லாம் முதல்ல எடுத்துத் தருவீங்களா?' டி டிரைவ் மட்டும் போதாது. டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன.

'ஒரிஜினல் விண்டோஸா போடுவீங்க?' விண்டோஸோடு விற்கப்பட்ட ஓரளவு புதிய லேப்டாப்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ரக விண்டோஸை மறுபடி போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். காசு கொடுத்து 'கிராக்' வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச்சொல்லும் எந்தக் கிராக்கும் உங்கள் நண்பன் அல்ல. வங்கிப் பாஸ்வேர்டு அடிப்பதும் அதே லேப்டாப்பில்தான் என்பதை மறக்காதீர்கள்.

'பாஸ் லினக்ஸையும் அழிச்சிடுவீங்களா?' வேண்டும் என்றால் முன்னாடியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள்.

பட்டனை அமுக்கும் முன்...

* ப்ராஜெக்ட், சர்டிபிகேட் ஸ்கேன், போட்டோ மூன்றுக்கும் இரண்டு காப்பி: ஒன்று பென்டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில். பென்டிரைவைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

* சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். இடம் போதாமல் பாதியில் நின்றுபோகும் அப்கிரேடுகள் ஏராளம்.

* டவுன்லோடு பல ஜிபி ஆகும். போன் டேட்டாவை நம்பாதீர்கள். நல்ல வைஃபை இருக்கும் இடமாகப் பாருங்கள்.

* பேட்டரி செத்த லேப்டாப் என்றால், கரன்ட் போகாது என்று உறுதியான நேரத்தில் ஆரம்பியுங்கள். பவர் கட் அறிவிப்பு வந்த நாளில் வேண்டவே வேண்டாம்.

* வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். பிட்லாக்கர் சாவியை எழுதி வையுங்கள்.

* பிரின்டர், கூடுதல் பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அப்கிரேடு செய்யுங்கள்.

கடைசியாக, நேரம் பார்ப்பது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிற ஊர் இது. அப்கிரேடுக்கும் பாருங்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர், அதற்கு முன் ரெக்கார்டு சப்மிஷன். அந்த வாரங்களில் எவ்வளவு கெஞ்சினாலும் 'ரிமைண்ட் மீ லேட்டர்' தான். கடைசி எக்ஸாம் முடிந்த மறுநாள் அமுக்குங்கள். ஏதாவது சொதப்பினாலும் கையில் லீவு இருக்கும், ரோல்பேக்குக்குப் பத்து நாள் இருக்கும்.

சரி, பென்டிரைவை எங்கே வெச்சீங்க? போய்த் தேடுங்க முதல்ல!